எல்லாரையும் கேட்ட அக்கா

பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று அந்த அக்கா என்னிடம் கேட்டபோது, வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடமும் அதையே கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஒன்று நாற்பது என்றேன். "ஜாகா ரெண்டு மணின்னு சொல்றாரே தங்கச்சி?" என்றார். அவர் கேட்டைப் பூட்டுகிற நேரத்தைச் சொல்லியிருப்பார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதோடு வீட்டுக்குப் போனாரா என்றால், இல்லை. கெண்டினுக்குப் போய், மீ கோரெங் கிண்டிக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாவிடம் மூன்றாவது முறையாகக் கேட்டார். பிறகு மறுபடியும் என் கௌண்டருக்கு வந்து, "ஆமா லா, நீ சொன்னதுதான் சரி" என்று எனக்கு நற்சான்று கொடுத்துவிட்டு மோட்டாரில் ஏறினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

மலாக்கா மாநிலத்தில் செலண்டார் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி அலுவலகத்தில் நான் கிராணி, எழுத்தர். அன்றும் அதே வேலைதான், இன்றும் அதேதான். அந்த அக்காவின் குடும்பம் ஜொகூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர் பதிவு நாளில், பெற்றோர் கூட்டமாக வந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டு நிற்கும்போது, எனக்கு அவர் நினைவுதான் வரும். அவர் ஒருவர்தான் விழிக்காமல் கேட்டவர். கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

டவுனில் ஒரு டோபிக் கடையில் அவருக்கு வேலை. மலாக்கா ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பார். பக்கத்தில் வந்து நின்றால் சலவை வாசனை அடிக்கும். பேசும்போது ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கழற்றினால் கொண்டை அவிழ்ந்துவிடுமாம். புருஷன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பிள்ளைகளின் படிப்பு என்று வந்தால் அவருக்கு ஒரே வசனம்தான்: "அது ஒன் டிபார்ட்மெண்ட்."

எதற்காக எல்லாவற்றையும் மூன்று பேரிடம் கேட்கிறீர்கள் என்று ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மொத ஆளு தெரியாம சொல்லுவாங்க தங்கச்சி. ரெண்டாவது ஆளு நம்மள அனுப்பிவிட்டா போதும்னு சொல்லுவாங்க. மூணாவது ஆளுகிட்ட போனாத்தான் உண்ம வரும்" என்றார். அப்படியானால் நான் எத்தனையாவது ஆள் என்று கேட்டேன். "அது நா எப்ப வர்றேன்றத பொறுத்து" என்று சிரித்தார்.

இந்தப் பழக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நன்றாகவே செல்லுபடியானது. அங்கே மொத்தப் பள்ளியும் ஒரு குடும்பம் மாதிரி. தலைமையாசிரியர் காரை நிறுத்தும்போதே வழிமறித்துக் கேட்கலாம். ஓய்வு நேரத்தில் சோற்றுப் பாத்திரத்தோடு வகுப்பு வரைக்கும் போய் ஊட்டிவிட்டு வரலாம். பிள்ளை தும்மினால்கூட ஆசிரியர் போன் பண்ணுவார். இடைநிலைப்பள்ளி அப்படி இல்லை என்பதை நம் பெற்றோரில் பாதிப் பேர் வாசலில் ஜாகா தடுக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். இங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர். மணி அடித்ததும் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். பிள்ளை புரியாமல் உட்கார்ந்திருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. கணிதம், அறிவியல், சரித்திரம் எல்லாம் மலாய் மொழியில். ஆறு வருஷம் தமிழில் படித்த பிள்ளை ஒரு டிசம்பர் விடுமுறைக்குள் மாறிவிட வேண்டும். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. சட்டைக்கு எந்தக் கடை, பஸ்ஸுக்கு எந்த ஆள், இவ்வளவுதான் கேட்பார்கள்.

மகளைச் சேர்க்க வந்த பதிவு நாளில் அக்கா இதையும் கேட்டார். ஆனால் அவருடைய பாணியில் கேட்டார். "தமிழ் பாடம் இருக்கா?" என்றார். பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் வேண்டும் என்று கேட்டால் வகுப்பு நடக்கும், கேட்காவிட்டால் இல்லை என்றேன். போன வருஷம் நடக்கவில்லை என்பதையும் சொன்னேன். "ஏன் நடக்கல?" "யாரும் கேக்கல அக்கா." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பெற்றோர் கூடியிருந்த மண்டபத்துக்குள் போனவர், ஹெல்மெட்டோடு ஒவ்வொரு வரிசையாக நடந்து, நெற்றியில் திருநீறு தெரிந்த ஆள், பொட்டு வைத்த பெண், தலையில் முக்காடு போட்டுத் தமிழ் பேசிய மளிகைக்கடை அம்மா என்று ஒருவரையும் விடவில்லை. "ஒங்க பிள்ள தமிழ் எடுக்குதா? ஏன் எடுக்கல?" என்று முதல்வர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக்கொண்டு போனார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்த வருஷம் தமிழ் வகுப்பு நடந்தது. பதினைந்துக்கும் மேலேயே பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்தப் பெயர் யாருக்குப் போனது என்றால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு.

அவரிடம் எனக்குப் பிடித்த குணம் எது, பிடிக்காத குணம் எது என்று கேட்டால், இரண்டுக்கும் இதைத்தான் சொல்வேன்.

பதிவு முடிந்த மறுநாள் வகுப்புப் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது. அக்காவின் மகள் பெயர் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்தில் இல்லை. புகுமுக வகுப்பில் இருந்தது. பெராலிஹான் என்று மலாயில் சொல்வார்கள். அப்போது ஆறாம் ஆண்டில் அரசாங்கச் சோதனை இருந்த காலம். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வரும் பிள்ளைகளில் மலாய்மொழி போதாதவர்களை முதலில் இந்த வகுப்பில் உட்கார வைத்து, ஒரு வருஷம் மொழியைப் பழக்கிவிட்டு, அடுத்த வருஷம் முதலாம் படிவத்துக்கு ஏற்றுவார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நம் ஆட்களுக்கு அது பெயிலான வகுப்பு. புகுமுக வகுப்பு என்று சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் 'ஃபார்ம் ஒன்' என்று சொல்லிச் சமாளிக்கும் அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன்.

அக்கா பலகையிலிருந்து நேராக என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. "எம்மவள மறுபடியும் ஆறாம் வகுப்புல போட்டுட்டாங்களா தங்கச்சி?"

இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவர் புகுமுக வகுப்பின் ஆசிரியையிடம் போனார். நம் தமிழ்ப் பெண்தான், நல்ல டீச்சர். அவரும் இதையே சொன்னார். "இந்த ஒரு வருஷம் இங்க இருந்தா, அடுத்த அஞ்சு வருஷம் அவ தன் கால்ல நிப்பா அக்கா" என்றாராம். மூன்றாவதாக வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆளைக் கேட்டார். அங்கேதான் கோளாறு. அந்த மூன்றாவது ஆள் அவருடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அவர் மகளும் அதே வயது, அதே தமிழ்ப்பள்ளி. அந்தப் பிள்ளை நேராக முதலாம் படிவத்துக்குப் போயிருந்தது.

"அது மண்டு பிள்ளைங்க வகுப்புன்னு எங்க ஓரகத்தி சொல்றாங்க" என்றார் அக்கா மறுநாள் வந்து. "ரெண்டு பேரும் ஒரே வருசத்துல பொறந்தாங்க, ஒண்ணா ஸ்கூலுக்குப் போனாங்க. இப்ப இவ மட்டும் ஒரு வருஷம் பின்னுக்கு. நாளைக்கு வீட்ல ஒவ்வொரு விசேஷத்துக்கும் இத சொல்லிக் காட்டுவாங்க லா."

மூன்றாவது ஆளிடம்தான் உண்மை வரும் என்ற அவர் கணக்கு, அந்த ஆள் ஓரகத்தியாக இருந்தாலும் மாறவில்லை. நானும் டீச்சரும் சொன்னது காற்றில் போயிற்று.

எங்கள் பள்ளியில் ஒரு வழி இருந்தது. முதல் மாதத்திலேயே மலாய்மொழியில் ஒரு சோதனை வைத்து, தேறும் பிள்ளையை நேராக முதலாம் படிவத்துக்கு மாற்றுவார்கள். அந்த வழியை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அவராகவே கண்டுபிடித்தார். துணை முதல்வரைக் கேட்டார், ஆலோசனை ஆசிரியரைக் கேட்டார், தோட்டக்காரரைக்கூடக் கேட்டிருப்பார். டோபிக் கடைக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்ணிடம் மகளை அனுப்பி, மாலை முழுக்க மலாயில் பேச வைத்தார். வீட்டில் தொலைக்காட்சியில் தமிழ் நாடகமே கூடாது என்று உத்தரவு. மகள் சோதனை எழுதினாள். எல்லைக்கோட்டில் கால் வைத்துத் தேறினாள்.

அன்றைக்கு அக்கா லட்டுப் பெட்டியோடு வந்தார். ஜாகாவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இத்தனை பேரைக் கேட்டு ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. மகள் பின்னால் நின்றாள். ஒல்லியான பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. லட்டு எடுத்துக்கொள்ளம்மா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு அக்கா கொஞ்ச நாள் வரவில்லை. நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

வருகைக் கணக்கில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே விடுப்புகள் கூடிக்கொண்டே போனபோதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பாசிரியர் சொல்லி முதல் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது போனால் விஷயம் பெரிதாகிவிடும், பெயரையே எடுத்துவிடும் கட்டத்துக்குப் போகும். இரண்டாவது கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா ஓடிவந்தார். முதல் கடிதத்தைப் புருஷன் வாங்கி லோரியில் வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறார்.

"எம்மவ தெனமும் யூனிபாம் போட்டுக்கிட்டு பஸ் ஏறுறா தங்கச்சி! நா பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். இதுல ஸ்கூலுக்கு வரலன்னு போட்டிருக்கே?"

பஸ் ஏறினாள், உண்மைதான். டவுனில் இறங்கிக் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். கோயில் ஐயர் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னார். பள்ளி விடும் நேரத்துக்கு எழுந்து, அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

வீட்டில் பெரிய சண்டை. அவர் புருஷன் முதன்முறையாக இந்த டிபார்ட்மெண்டில் வாய் திறந்தார். "படிச்சது போதும். நிறுத்து. மலாக்காவுல எந்தங்கச்சி துணிக்கடையில நிக்கட்டும்." பதிமூன்று வயதுப் பெண். கடையில் மூட்டை பிரித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அந்த மாசக் கடைசிக்குள் மகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வராவிட்டால் அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அக்கா கேட்க ஆரம்பித்தார். இந்த முறை மூன்று பேரோடு நிற்கவில்லை. ஏன் என் பிள்ளை பள்ளிக்கு வர மாட்டேன் என்கிறாள் என்று ஜாகாவைக் கேட்டார். பையன் விஷயமாக இருக்கும் என்றார் ஜாகா. பஸ் டிரைவர், பெரிய பிள்ளைகள் கிண்டல் பண்ணியிருப்பார்கள் என்றார். கெண்டின் அம்மா, போனைப் பிடுங்கு என்றார். ஓரகத்தி, கண் பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்றார். அக்கா போனையும் பிடுங்கினார், எலுமிச்சம்பழத்தையும் சுற்றினார். பஸ் நிறுத்தத்தில் போய் நின்று பெரிய பிள்ளைகளை மிரட்டினார். ஒவ்வொரு பதிலையும் நம்பினார். ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்கு நடுவில் ஓடிவந்து என் முன்னால் நிற்பார். சலவை ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்களைப் பிசைந்துகொண்டு நிற்பார். அப்போது அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலெல்லாம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

கடைசியில், அம்மாவும் மகளும் சேர்ந்து வரட்டும் என்றார் முதல்வர். மலாய்க்காரப் பெண்மணி, கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். அக்காவின் மலாய், பாசார் சந்தையில் மீன் வாங்கப் போதும், இதற்குப் போதாது. அதனால் மொழிபெயர்க்க என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அக்கா முதல்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொண்டை அவிழ்ந்துதான் கிடந்தது. மகள் பக்கத்து நாற்காலியில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா முதல்வரைக் கேட்டார்: "இவ ஏன் வர மாட்டேங்குறா?" நான் மலாயில் சொன்னேன். குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா என்று முதல்வர் திருப்பிக் கேட்டார். இல்லை என்றார். ஓரத்தில் நின்ற ஆலோசனை ஆசிரியரைப் பார்த்து, மகளைப் பற்றிய அதே கேள்வியை அக்கா கேட்டார். அவர் இந்த வயதில் இப்படித்தான் என்று ஏதோ சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, நீயாவது சொல்லு. எத்தனயோ பிள்ளைங்கள பாத்திருப்ப. இவளுக்கு என்னதான் ஆச்சு?"

எனக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

பேசியது மகள். அவள் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. அக்கா திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரையும் கேக்குற. ஜாகாவ கேக்குற, பஸ்காரர கேக்குற. என்னைய கேளேம்மா."

 என்ன சொன்னாள் என்று முதல்வர் சைகையில் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. 

 எதிரில் யார் நின்றாலும் கேட்டுவிடும் மனுஷி, சொந்த மகளிடம் ஒரு கேள்வி கேட்க நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சொல்லுடா," என்றார் பிறகு. "ஏன் வரல?"

"பழைய வகுப்புல டீச்சர் சொல்றது புரிஞ்சிச்சி. இங்க ஒண்ணும் புரியல. சார் ஏதோ சொல்வாரு, எல்லாரும் சிரிப்பாங்க. எதுக்கு சிரிக்கிறாங்கன்னு தெரியாது. நானும் சிரிப்பேன். தெனமும் அப்படியே சிரிக்க முடியலம்மா."

அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பாசாயிட்டியேடா" என்றார். அதில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நீ சொன்ன, படிச்சேன். நீ பாசாகச் சொன்ன, பாசானேன். அங்க போறியான்னு நீ கேக்கவே இல்ல."

அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, "பழைய வகுப்புக்கே திரும்பிப் போறியாடா?" என்று கேட்டார்; "அங்கதான் படிப்பேன்" என்றாள் மகள். பிறகு முதல்வரைப் பார்த்து, என் உதவி இல்லாமல், அவருடைய பாசார் மலாயிலேயே சொன்னார். என் மகளைத் திரும்பப் புகுமுக வகுப்பில் போடுங்கள். முதல்வர் நம்பாமல் என்னைப் பார்த்தார். மேலே ஏற்றச் சொல்லி வந்து நிற்கும் பெற்றோரைத்தான் அவர் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறார். கீழே இறக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. நிச்சயம்தானா என்று கேட்டார், ஒரு வருஷம் கூடுதலாகும், மற்ற பிள்ளைகள் முன்னால் போய்விடுவார்கள் என்றார். அதை நான் தமிழில் சொன்னேன். தெரியும் என்று அக்கா தலையசைத்தார். வருஷம் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை, மேலிடத்தில் பேசி மாற்றிவிடலாம் என்றார் முதல்வர். புகுமுக வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இப்போதே வரட்டும், நாற்காலி இருக்கிறது என்றார் அவர்.

வெளியே வந்தபோது கௌண்டருக்கு முன்னால் நாலைந்து பெற்றோர் நின்றிருந்தார்கள். ஒருவர் அக்காவின் வீட்டு வரிசையிலேயே குடியிருப்பவர். அக்கா அவரைப் பார்த்தார். அந்த மனுஷனுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஓரகத்திக்குத் தெரியும், ராத்திரிக்குள் தோட்டம் முழுக்கத் தெரியும்.  ஆனாலும் அக்கா போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டார். லோரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவோ, இங்கே நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றோ, உரக்கப் பேசினார்.

"கடைக்கெல்லாம் போகல. ஸ்கூல்லதான் இருப்பா. புகுமுக வகுப்புக்கு மாத்திட்டேன். ஆமா, கீழ் வகுப்புதான். நாந்தான் கேட்டு வாங்கினேன். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க, எம்மவ அங்கதான் படிப்பேன்னு சொன்னா, நா சரின்னுட்டேன்."

மகள் பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். எந்தப் பக்கம் என்று யாரும் காட்டவில்லை. அம்மா பேசி முடிக்கக்கூடக் காத்திருக்காமல், புகுமுக வகுப்பு இருந்த மாடிக்கான படிகளை நோக்கி வேகமாக நடந்தாள்.